நிலக்காட்சியும் தெருக்காட்சியும் படமெடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகப் படமெடுத்து, நாலு பேரிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கான பதில்கள் இவை. கேமராவோ மொபைலோ, எது கையில் இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். உதாரணங்கள் தமிழ்நாட்டு வெளிச்சத்தையும் இடங்களையும் வைத்துச் சொல்லப்பட்டவை. வெளிச்சம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இதில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறோம்.

கோல்டன் ஹவர் ஒரு மணி நேரம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். நம் ஊரில் அதில் பாதிகூட நிற்பதில்லையே?

நிற்காது. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. நமக்கு ஏறக்குறைய நெட்டுக்குத்தாக இறங்குகிறது. அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்துக்குள் சூரியன் இருக்கும் நேரத்தைப் பொன்வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், லண்டனில் அது 40, 50 நிமிடம். சென்னையிலும் மதுரையிலும் சுமார் 25 நிமிடம்தான். மறைந்த பிறகு இருட்டுவதும் அதே வேகத்தில் நடக்கிறது.

அதனால் சூரியன் உதிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதாது. 40 நிமிடம் முன்பே இடத்தில் இருந்து, ட்ரைபாடை விரித்து, ஃப்ரேமையும் ஃபோகஸையும் முடித்துவிட வேண்டும். உதயத்துக்கு 20 நிமிடம் முன்னால் மேகத்தில் வரும் நிறம்தான் பல நாட்களில் அன்றைக்குக் கிடைக்கும் சிறந்த நிறம். சாயங்காலமும் சூரியன் மறைந்தவுடன் பையைக் கட்டாதீர்கள். விளக்கு போட்ட கோபுரமோ பாலமோ எடுப்பதாக இருந்தால், மறைந்த 15ஆவது நிமிடத்திலிருந்து 25ஆவது நிமிடம் வரை வானத்தின் நீலமும் விளக்கின் வெளிச்சமும் சமமாக நிற்கும். அந்தப் பத்து நிமிடம் போனால் வானம் வெறும் கறுப்பு.

கடலில் உதயம், கடலில் அஸ்தமனம் இரண்டுக்கும் எங்கே போவது? எந்த மாதம்?

மெரினா, மாமல்லபுரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று வங்கக் கடலோரம் முழுக்க உதயம் கிடைக்கும். கடலில் அஸ்தமனம் வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு, முட்டம் பக்கம் போக வேண்டும். கன்னியாகுமரியில் இரண்டும் உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அஸ்தமனம் எல்லா மாதமும் கடலுக்குள் நடக்காது. குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கில் தள்ளி இறங்குவதால் கடலில் மறையும். மே, ஜூன், ஜூலையில் வடமேற்கில் நகர்ந்து நிலப்பக்கம் போய்விடும்.

நம் அட்சரேகையில் சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி, தெற்கே சுமார் 24 டிகிரி என்று வருடம் முழுக்க நகர்கிறது. மொத்தம் 48 டிகிரி. ஃபுல் ஃப்ரேமில் (பெரிய சென்சார் உள்ள கேமராவில்) 50 மி.மீ லென்ஸின் கிடைமட்டப் பார்வையே 40 டிகிரிதான். ஜூனில் கோயிலுக்கு நேர் பின்னால் சூரியன் வந்த படத்தைப் பார்த்துவிட்டு டிசம்பரில் போனால், சூரியன் ஃப்ரேமுக்கே வராது. தேதியும் இடமும் கொடுத்தால் சூரியனின் திசையைக் கோடு போட்டுக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. பஸ் டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

கட்டடங்களுக்கும் இதே கணக்குதான். தஞ்சைப் பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. வாசல் பக்கத்திலிருந்து விமானத்தை எடுத்தால் காலையில் கல் முழுக்க வெளிச்சம் விழும். அதே இடத்திலிருந்து மாலையில் எடுத்தால் விமானம் வானத்துக்கு எதிரே கறுப்பாக நிற்கும். மாலையில் மேற்குப் பிராகாரத்துக்குப் போய்விடுங்கள்.

எந்தப் பருவத்தில் எதை எடுக்கலாம்?

ஏப்ரல், மே மாதங்களில் தூரத்து மலையை எடுப்பது வீண்வேலை. புழுதியும் வெக்கையும் சேர்ந்து மலை சாம்பல் கறையாக வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலமும் மேற்குத் தொடர்ச்சி மலையும். வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் நவம்பரில், மழை நின்ற மறுநாள் காலை காற்று கழுவி விட்டதுபோல இருக்கும். தூரக்காட்சிக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. காவிரி டெல்டாவில் சம்பா நெல் நவம்பரில் பச்சை, பொங்கலை ஒட்டிப் பொன்நிறம். மார்கழி, தைக் காலைகளில் வயல்வெளிப் பனி ஏழு, ஏழரை மணிக்குள் கலைந்துவிடும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். வெயில் பட்டதும் அதுவும் போய்விடும்.

இடம் அவ்வளவு அழகு. படத்தில் சப்பென்று இருக்கிறது. ஏன்?

அநேகமாக வைட் லென்ஸ், அதாவது பரந்த பார்வை கொண்ட லென்ஸ். 18 மி.மீ லென்ஸில் மேகமலையையோ கொல்லிமலையையோ எடுத்தால் மலை ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கி, மேலே பாதி வானம், கீழே பாதி வெற்றுத்தரை என்று வரும். கண் மலையை மட்டும் பார்த்தது. லென்ஸ் எல்லாவற்றையும் பார்த்தது.

இரண்டு வழி. ஒன்று, 70 முதல் 200 மி.மீ வரை போய், மலையடுக்குகளை மட்டும் வெட்டி எடுப்பது. பனிமூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் வெளிறும் மலைவரிசைகள் இப்படித்தான் வரும். இன்னொன்று, வைட் லென்ஸையே வைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் ஏதாவது ஒரு பொருளுக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நெருங்குவது: பாறை, தேயிலைச் செடி, படகின் மூக்கு. நெருங்கினால்தான் வைட் லென்ஸில் அது பெரிதாகும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அதுவும் சின்னதாகிவிடும். ட்ரைபாடை முட்டி உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். எல்லோரும் கண் உயரத்திலிருந்தே எடுப்பதால், இறக்கிய படம் உடனே வேறுமாதிரி தெரியும்.

முன்பாறையிலிருந்து தூரமலை வரை எல்லாம் ஷார்ப்பாக இருக்க எஃப்/22 வைக்கலாமா?

வேண்டாம். எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துவாரம் சுருங்கும். அது ரொம்பச் சுருங்கினால் ஒளி சிதறி, படம் முழுக்க மென்மையாகிவிடும். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் எஃப்/11 தாண்டினாலே மெல்லத் தெரியத் தொடங்கும். எஃப்/8 போதும், ஃபோகஸ் எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். ஏபிஎஸ்-சியில் 18 மி.மீ, எஃப்/8 வைத்து 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு. ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ, எஃப்/8 என்றால் சுமார் 2.4 மீட்டரில் ஃபோகஸ், 1.2 மீட்டரிலிருந்து தெளிவு. மலையிலேயே ஃபோகஸ் வைத்தால் முன்பாறை போய்விடும். கணக்கு மறந்துபோனால், முன்னால் இருக்கும் பொருள் எவ்வளவு தூரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் ஃபோகஸ் வையுங்கள்.

எஃப்/16க்கு மேல் போனால் சென்சார் தூசியும் வானத்தில் புள்ளி புள்ளியாக வரும். சந்தேகமிருந்தால் எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள். ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

வானத்தைப் பார்த்தால் தரை கறுப்பு, தரையைப் பார்த்தால் வானம் வெளுப்பு. என்ன செய்வது?

ரா (RAW) கோப்பாக எடுங்கள். வானத்தில் விவரம் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) குறையுங்கள். கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வைத்தால், வெளுத்துப்போன இடம் கண்சிமிட்டும். சிமிட்டல் நிற்கும் வரை குறைத்தால் போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். தரையைப் பிறகு தூக்கலாம். வெளுத்த வானத்தை மீட்க முடியாது. வித்தியாசம் மிக அதிகமென்றால் ட்ரைபாடில் வைத்து −2, 0, +2 என்று மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். காற்றில் ஆடும் தென்னை ஓலை மட்டும் இரட்டையாகத் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாத மதிய வானம் வேறு கதை. அதில் நிறமே கிடையாது. எக்ஸ்போஷர் மாற்றி வரவழைக்க முடியாது. ஃப்ரேமில் வானத்தைக் குறைப்பதுதான் வழி. மாலைப் பனைமரங்களுக்கு இத்தனை பாடும் தேவையில்லை. தரையைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள், அது நேர்மையான படம்.

உப்பளத்தில் எடுத்தால் உப்புக்குவியல் சாம்பல் நிறத்தில் வருகிறதே?

கேமராவின் மீட்டருக்கு உப்பு என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ ஃப்ரேம் முழுக்க வெள்ளை உப்பு இருந்தால் அதை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +1 கொடுங்கள். ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் நகர்ந்து, ஓரச் சுவரில் முட்டாமல் நிற்க வேண்டும். முட்டினால் +0.7. நேரெதிர்ப் பிரச்சினை கருங்கல் சிலைக்கும் எருமை மாட்டுக்கும் வரும்: கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வெளிறவைக்கும். −1 வைத்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

உப்பளத்தில் இன்னொன்று: லென்ஸைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் கால் நீட்டும் மூட்டுகள் உப்பரித்து இறுகிப்போகும்.

அருவியும் அலையும் வழுவழுவென்று வர என்ன ஷட்டர் ஸ்பீட்?

அருவிக்கு கால் நொடியிலிருந்து ஒரு நொடி. அதற்கு மேல் போனால் நீரோட்டத்தின் இழைகள் கரைந்து வெறும் வெள்ளைத் திட்டு. பாறையில் மோதும் அலைக்கு அரை நொடி முதல் ஒரு நொடி. மோதும் கணத்தில் அல்ல, மோதி வழிந்து பின்வாங்கத் தொடங்கும்போது அழுத்துங்கள். அப்போதுதான் கோடு கோடாக நீர் இழுபடும். 30 நொடி வைத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். ஒருமுறை நன்றாக இருக்கும், பத்தாவது படத்தில் அலுத்துவிடும்.

பகலில் இவ்வளவு நேரம் திறந்து வைக்க என்டி ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும் இருண்ட கண்ணாடி) வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். 6 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64 மடங்கும், 10 ஸ்டாப் சுமார் 1000 மடங்கும் குறைக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி என்றால், 6 ஸ்டாப் போட்டால் 4 நொடி, 10 ஸ்டாப் போட்டால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். முதலில் வாங்குவதாக இருந்தால் 6 ஸ்டாப் போதும். இருண்ட ஃபில்டரில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். ஃபில்டர் போடும் முன் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். விலை குறைந்தவை படத்துக்குச் செம்பழுப்பு நிறம் ஏற்றும்; ராவில் எடுத்திருந்தால் ஓரளவு சரிசெய்யலாம்.

குற்றாலத்தில் சாரல் லென்ஸில் விழாமல் இருக்காது. இரண்டு மைக்ரோஃபைபர் துணி எடுத்துப் போங்கள், ஒன்று நனைந்தால் இன்னொன்று.

ட்ரைபாடில் வைத்தும் படம் ஆடியிருக்கிறதே?

மணலில் அலை வந்துபோகும்போது கால் புதைகிறது. நிறுத்துவதற்கு முன்பே அழுத்திப் புதைத்துவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். 2 நொடி டைமர் வையுங்கள். பழைய லென்ஸ்களில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். காற்றடித்தால் கழுத்துப் பட்டையும் படபடக்கும், கழற்றி வையுங்கள்.

பொலரைசர் ஃபில்டர் வாங்கலாமா?

மழைக்காலப் பச்சைக்காக வாங்கலாம். ஈர இலையின் மினுக்கத்தை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டுவதை எந்த எடிட்டிங்கும் செய்யாது. சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 டிகிரியில் நின்று எடுக்கும்போது பலன் அதிகம். சூரியன் நேர் முன்னாலோ பின்னாலோ இருந்தால் வானத்தில் மாற்றம் தெரியாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும். வைட் லென்ஸில் நீலவானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாக வரும்.

டீக்கடை, மார்க்கெட் படங்களுக்கு என்ன செட்டிங்?

நடக்கிறவர்களுக்கு 1/250, சைக்கிளுக்கு 1/500, ஓடும் பிள்ளைகளுக்கு 1/1000. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு அளவை) ஆட்டோவில் விட்டு 6400 என்று உச்சவரம்பு வையுங்கள். புள்ளி விழுந்த படத்தை மன்னிக்கலாம். ஆடிய முகத்தை மன்னிக்க முடியாது.

டீ ஆற்றுவதை எடுக்க எல்லோருக்கும் ஆசை. பெரும்பாலும் ஃபிளாட்டாக வருவதற்குக் காரணம் முன்வெளிச்சம். கடைக்கு எதிரே தெருவில் நின்று எடுத்தால் பின்னால் காலண்டர், பிஸ்கட் பாட்டில், பால் பாக்கெட் எல்லாம் சேர்ந்து டீயின் இழையை விழுங்கிவிடும். காலை வெயில் கடைக்குப் பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ வரும் பக்கமாக நகருங்கள். இழைக்குப் பின்னால் நிழல் விழுந்த இருண்ட சுவர் வரும்படி நின்றால் டீயும் ஆவியும் ஒளிர்ந்து தெரியும். 1/500 வைத்தால் இழை துளித்துளியாக உறையும். 1/30 வைத்தால் ஒரே நாடாவாக இழுபடும், ஆனால் மாஸ்டரின் கையும் கலங்கும். 1/125 நடுவழி. கை உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும், அப்போது அழுத்துங்கள். டம்ளரும் உச்சிக் கையும் இரண்டுமே ஃப்ரேமுக்குள் இருக்கும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். கை வெட்டுப்பட்ட டீ மாஸ்டர் படங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

கடைக்குள் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக வருகிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி, டியூப்லைட் எல்லாம் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்த மின்னுதல் பட்டையாகப் பதிகிறது. ஷட்டர் ஸ்பீடை 1/50 அல்லது 1/100 வையுங்கள், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். மொபைலில் புரோ மோடில் 1/50.

தெருவில் ஆட்களை எடுக்க அனுமதி கேட்க வேண்டுமா?

கூட்டத்தை எடுப்பது வேறு, ஒருவர் முகத்தை நெருங்கி எடுப்பது வேறு. முகம் என்றால் கேளுங்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். நின்றவுடன் எடுப்பது விறைப்பாக இருக்கும். அதை எடுத்துக் காட்டிவிட்டு, அவர் மறுபடி வேலைக்குத் திரும்பியபின் எடுப்பதுதான் படம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். யாராவது பிறகு நீக்கச் சொன்னால் வாதாடாமல் நீக்குங்கள். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். பள்ளிச் சீருடையில் பெயர் தெரியும்படி பகிர வேண்டாம். குளிக்கும் இடம், துக்கவீடு, ஆஸ்பத்திரி வாசல் இங்கெல்லாம் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம். படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். அடுத்து அங்கே வரும் கேமராக்காரருக்கு அதுதான் வழி திறக்கும்.

கோயில், நினைவுச்சின்னம், ட்ரோன்?

தமிழகக் கோயில்களுக்குள் மொபைலுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். கருவறையை எங்கும் எடுக்கக் கூடாது. மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம். ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். ட்ரோனுக்கு 2021 விதிகள் பொருந்தும்: அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிடலாம், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் சோதனைச்சாவடி எத்தனை மணிக்குத் திறக்கும், மூடும் என்பதை முதல்நாளே ராமேஸ்வரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். உதயத் திட்டம் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

மொபைலில் எடுத்தால் மதிப்பில்லையா?

வெளியே, வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சில விஷயங்கள் மட்டும். லென்ஸைச் சட்டையில் துடையுங்கள். விளக்கைச் சுற்றி வரும் பூச்சான ஒளிவட்டம் பாதி விரல்ரேகைதான். வானத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரிய அடையாளத்தைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். விரலால் விரித்து ஜூம் செய்யாதீர்கள். தனி டெலி லென்ஸ் இருந்தால் அதன் பொத்தானை அழுத்துங்கள், இல்லையென்றால் நடந்து போங்கள். ஏஐ சீன் வசதியை அணையுங்கள், இல்லாவிட்டால் நாற்றங்கால் எல்லாம் பிளாஸ்டிக் பச்சை.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

வரிசை முக்கியம். அடிவானத்தை நேராக்கு, க்ராப் செய், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஹைலைட் குறைத்து ஷேடோ தூக்கு, பிறகுதான் கான்ட்ராஸ்டும் நிறமும், கடைசியில் ஷார்ப்னஸ். சாய்ந்த கடல்தான் நாம் பார்க்கும் படங்களில் முதல் குறை, திருத்த ஐந்து நொடி.

கை மீறியதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. மலைமுகட்டைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிந்தால் கிளாரிட்டியோ ஹெச்டிஆரோ அதிகம். நிழலில் ஊதா, பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் ஷேடோவை அளவுக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள். நெல்வயல் கண்ணைக் குத்தினால் மொத்த சாச்சுரேஷனைத் தொடாமல், பச்சையை மட்டும் குறைத்து, அதன் சாயலை லேசாக மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். உண்மையான இளநெல் மஞ்சள் கலந்த பச்சைதான். முடித்ததை அன்றே பகிராமல் மறுநாள் காலை ஒருமுறை பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் கெட்டுப்போகிறது. நிறமும் வெளிறுகிறது.

சாதாரணமாக அனுப்பினால் அது பெருமளவு சுருக்கிவிடும். ஹெச்டி தேர்வு செய்யுங்கள், அல்லது டாக்குமென்ட்டாக இணையுங்கள். பொதுவாகப் பகிர நீளப்பக்கம் 2048 பிக்ஸல், ஜேபெக் தரம் 80 முதல் 85 போதும். இன்ஸ்டாகிராமுக்குச் செங்குத்துப் படம் 1080க்கு 1350. நிறம் வெளிறுவதற்குக் காரணம் அநேகமாக அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமித்தது. எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். வீட்டருகே எடுத்ததாக இருந்தாலும், பறவைக்கூடு எடுத்ததாக இருந்தாலும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

படத்தைப் போட்டால் "சூப்பர்", "அருமை" தவிர எதுவும் வருவதில்லை. உருப்படியான கருத்தை எப்படி வாங்குவது?

கேள்வி இல்லாமல் போட்டால் பாராட்டுதான் வரும். பத்துப் படத்தை ஒன்றாகக் கொட்டினாலும் அதேதான்; ஒவ்வொன்றாகப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரே படம், அதன் விவரம், குறிப்பான ஒரு கேள்வி. இப்படி: "மாமல்லபுரம், காலை 6.10. 24 மி.மீ, எஃப்/11, 1/8 நொடி, ஐஎஸ்ஓ 100. படகின் தனிமையைக் காட்ட நினைத்தேன். முன்னால் இருக்கும் பாறை அதைவிட அதிகமாகக் கவனத்தை இழுக்கிறதா?" இதற்கு யாரும் "சூப்பர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. எடுக்க எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்பதை எழுதாதீர்கள், நாலு மணிக்கு எழுந்தது படத்தில் தெரியாது.

கருத்து சொல்கிறவர் முதலில் தன் கண் எங்கே போனது என்று சொல்லலாம். எடுத்தவருக்கு அதைவிடப் பயன்படும் தகவல் இல்லை, ஏனென்றால் அவருக்கு ஏற்கெனவே தெரியும் எங்கே பார்க்க வேண்டுமென்று. அடுத்து நாலு ஓரங்களையும் பாருங்கள்: பாதி வெட்டுப்பட்ட ஆள், நுழையும் கிளை, மின்கம்பி. தலையிலிருந்து முளைக்கும் கம்பம். பிறகு தொழில்நுட்பக் குறை இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். "ஷார்ப்பா இல்ல" என்பது பாதிப் பதில். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஷட்டர் ஸ்பீடைக் கூட்ட வேண்டும். ஆள் மட்டும் கலங்கி, சுவர் தெளிவாக இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஆள் மங்கி, அவருக்குப் பின்னால் உள்ள மரம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எங்குமே தெளிவில்லாமல், விளக்கைச் சுற்றி ஒளி வழிந்திருந்தால் லென்ஸில் அழுக்கு அல்லது பூஞ்சை. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

கேட்காமல் அடுத்தவர் படத்தை எடிட் செய்து திருப்பிப் போடாதீர்கள். "க்ராப் செய்து காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் செய்தால் யாருக்கும் வருத்தமில்லை. புதிதாக வந்தவரிடம் ஒரு படத்துக்கு ஒரு திருத்தம் போதும். எடுத்தவரும் ஒவ்வொரு கருத்துக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைச் சொன்னால் மட்டும் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறையிலிருந்து கடற்கரைக்குப் போனதும் லென்ஸ் மங்குகிறது. பூஞ்சை வேறு வருகிறது.

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று நீராகப் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். விடுதியை விட்டுக் கிளம்பும்போது பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, 20, 30 நிமிடம் கழித்துத் திறங்கள். இதற்காகவே ராத்திரி கேமராவை ஏசி இல்லாத பக்கம் வைப்பவர்களும் உண்டு. லென்ஸ் மங்கியிருக்கும்போது கழற்றினால் ஈரம் சென்சாருக்கே போகும்.

பூஞ்சைக்குக் காரணம் நாள்கணக்கில் தொடரும் ஈரம். தோல் உறையிலும் துணிப்பையிலும் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். டிரை கேபினெட் வாங்க முடிந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். முடியாவிட்டால் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகா டப்பா, ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி), 200 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். ஓவனில் 100, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் ஓவனில் போடாதீர்கள். அரிசி டப்பாவில் வைப்பது பலனில்லை, மாவுத்தூசிதான் மிச்சம். எல்லாவற்றையும் விட எளியது, வாரம் ஒருமுறை எடுத்து உபயோகிப்பது.

என் படத்தை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். உரிமை யாருக்கு?

1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவருக்கு. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்தால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை பணம் கொடுத்தவருக்கு. மூலக்கோப்பை, முடிந்தால் ராவை, அழிக்காமல் வையுங்கள், அதுதான் ஆதாரம். படத்தின் நடுவில் போடும் பெரிய வாட்டர்மார்க் திருடனைவிடப் பார்ப்பவரைத்தான் தொந்தரவு செய்கிறது.

பிரின்ட் போட்டால் இருட்டாக வருகிறது, ஓரமும் வெட்டுப்படுகிறது.

இருட்டுக்குக் காரணம் உங்கள் திரையின் அதிக வெளிச்சம். பாதிக்குக் குறைத்து வைத்து எடிட் செய்யுங்கள். ஓரம் வெட்டுப்படுவது விகிதக் கணக்கு. கேமராவின் 3:2 படத்துக்கு 12க்கு 18 அங்குலம் சரியாகப் பொருந்தும். மொபைலின் 4:3 படத்துக்கு 12க்கு 16. லேபில் 12க்கு 18 மட்டும்தான் என்றால், எங்கே வெட்டலாம் என்பதை நீங்களே க்ராப் செய்து கொடுங்கள், அவர்களிடம் விடாதீர்கள்.

12க்கு 18 அங்குலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 5400க்கு 3600 பிக்ஸல், அதாவது 19 மெகாபிக்ஸலுக்குச் சற்று மேல். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 புள்ளியே போதும், அது 9 மெகாபிக்ஸலுக்குள் அடங்கிவிடும். முதலில் அதே பேப்பரில் 4க்கு 6 ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேட் பேப்பரில் கறுப்பு கொஞ்சம் வெளிறும், பிரதிபலிப்பு குறைவு. கண்ணாடிச் சட்டம் போடும்போது மவுன்ட் போர்டு (கண்ணாடியில் பிரின்ட் படாமல் இடைவெளி தரும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரத்தில் பிரின்ட் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிறகு கிழியாமல் பிரிக்க முடியாது.